முற்றிய மரத்தை வெட்டினால் என்ன? ஜவ்வாது மலையிலிருந்து ஒரு பதில்

"இவ்வளவு காடு சும்மாதானே கிடக்கு, முற்றின மரத்தை வெட்டி விற்றால் அரசாங்கத்துக்கும் வருமானம்தானே?" வேலூர், திருப்பத்தூர் பக்கம் வனத்துறையில் வேலை பார்த்த எவரும் இந்தக் கேள்விக்குத் தப்பியிருக்க மாட்டார்கள். கேட்பவர்கள் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. காப்புக்காடு (அரசு ஒதுக்கிப் பாதுகாக்கும் காடு) முழுவதும் ஒரே மாதிரி என்று நினைத்துக் கேட்கிறார்கள், அவ்வளவுதான்.

காப்புக்காட்டுக்குள் தானாக முளைத்த காடும் உண்டு, துறை நட்டு வளர்த்த தோட்டமும் உண்டு. 1996 டிசம்பர் 12 அன்று கோதவர்மன் வழக்கு எனப்படும் காடு பாதுகாப்பு வழக்கில் தமிழ்நாட்டு வனப்பகுதிகளில் மரம் வெட்ட முழுத் தடை போட்ட உச்ச நீதிமன்றம்கூட, நட்டு வளர்த்த மரங்களுக்கு நிபந்தனையோடு விலக்கு தந்தது. தைலமரத் தோப்பைக் கூப்பு கூப்பாக, அதாவது வெட்டுப் பகுதிகளாகப் பிரித்து, முறைப்படி வெட்டி, மறுபடி நடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. மரம் நமக்கு வேண்டும். அது அங்கிருந்து வரட்டும்.

ஜவ்வாது மலையில் தானாக வளர்ந்த காட்டின் கதை வேறு. அதைப் புரிந்துகொள்ளச் சந்தன மரத்தைப் பார்த்தால் போதும். சந்தனம் தன் வேரைப் பக்கத்து மரத்தின் வேரில் ஒட்டவைத்துத்தான் நீரும் சத்தும் எடுக்கும். சுற்றியுள்ளதை 'விலை போகிற மரம்' என்று வெட்டினால், நிற்கிற சந்தனமும் வாடும். அதன் பழத்தைத் தின்ற பறவை எச்சமிட்ட இடத்தில், முள்ளுப் புதரின் மறைவில்தான் கன்று தலை தூக்கும். ஆடு மாடு அங்கே வாய் வைக்க முடியாது. "புதரைச் சுத்தம் பண்ணினால் காடு அழகாகும்" என்று யோசனை சொல்பவர்களுக்கு இது தெரிவதில்லை.

அந்தக் காட்டிலிருந்து துறை எடுப்பது பெரும்பாலும் பட்டுப்போன சந்தனம். வேரில்தான் எண்ணெய் அதிகம் என்பதால் அடியோடு தோண்டி எடுப்பார்கள். திருப்பத்தூர் கிடங்கில் வாய்ச்சி என்ற செதுக்கும் கருவியால் மணமில்லாத வெளி வெள்ளைப் பகுதியைச் செதுக்கி, வைரத்தை, அதாவது மணமுள்ள நடுக்கட்டையைத் தரம் பிரித்து, சிராய், தூள்வரை எடைபோட்டு ஏலம் விடுவார்கள். என் கண்ணெல்லாம் தோண்டிய குழி மேல்தான். சரிவில் அதை மூடாமல் விட்டால் ஐப்பசி மழையில் மேல்மண் அப்படியே ஓடையில் இறங்கும். செய்யாறு பிறப்பது இந்த மலையில்தான்.

மற்ற மரங்கள் பட்டுப்போனால் அப்படியே விடலாம். பொந்தில் ஆந்தையோ மரங்கொத்தியோ குடியேறும். சந்தனத்தை அப்படி விட முடிவதில்லை. திருடன் வந்தால் வைரம் பாய்ந்திருக்கிறதா என்று பார்க்கப் பச்சை மரங்களையும் கொத்திவிட்டுப் போவான்.

மலைவாழ் மக்கள் கடுக்காயும் தேனும் எடுப்பதற்கு 2006 வன உரிமைச் சட்டம் உரிமை தருகிறது. வெட்டுமரம் அதில் சேராது. ஆம்பூர், வாணியம்பாடித் தோல் பதனிடும் தொழில் ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையையும் கடுக்காயையும் நம்பித்தான் நடந்தது. பெரிய மரம் எதையும் சாய்க்காமலே காடு ஒரு தொழிலுக்குச் சோறு போட்டிருக்கிறது.

அப்புறம், பட்டா நிலம் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. வரப்பில் சந்தனக் கன்று தானாக முளைத்தால், வம்பு வரும் என்று பயந்து பிடுங்கிப் போடாதீர்கள். 2002 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அது உங்கள் மரம். வெட்டுவதும் விற்பதும் மட்டும் வனத்துறை வழியாக நடக்கும். வைரம் பாயப் பதினைந்து இருபது வருடமாவது ஆகும். அதுவரை பக்கத்தில் நிற்கும் வேம்பின் மேல் கை வைக்காதீர்கள்.