ஆயாவை மட்டும் அனுப்பாதீர்கள்: குழந்தைகள் நலக் குழு முன் உறவினர்களும் பேசலாம்

காசிமேட்டில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். அப்பா அம்மா இருவரும் இறந்துவிட்டார்கள். எட்டு வயதுப் பெண் குழந்தை ஆயாவிடம், அதாவது பாட்டியிடம், வளர்கிறாள். ஆயாவுக்கு மீன் வியாபாரம், விடியற்காலை மூன்று மணிக்கே ஏலத்துக்குக் கிளம்ப வேண்டும். குழந்தை தனியாகக் கிடக்கிறதே என்று யாரோ குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் போடுகிறார்கள். இப்படிப்பட்ட குழந்தை யாரிடம் வளர வேண்டும் என்று முடிவு செய்யும் குழந்தைகள் நலக் குழுவுக்கு விவரம் போகிறது. "நீங்க மூணு மணிக்குப் போயிட்டா புள்ளைய யாரு பார்த்துப்பா?" என்று அங்கே கேட்கிறார்கள். ஆயாவுக்கு அழுகைதான் வருகிறது. இந்தக் கேள்விக்குப் பதில் இரண்டு வீடு தள்ளி இருக்கும் சித்தி. ஆனால் சித்தியை யாரும் கூட்டிவரவில்லை.

இளைஞர் நீதிச் சட்டம் 2015 இந்த இடத்தில் உறவினர் பக்கம்தான் நிற்கிறது. குழந்தையைக் காப்பகத்தில் சேர்ப்பது கடைசி வழியாக மட்டுமே இருக்க வேண்டும் என்கிறது. தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட குழுவுக்கு மாஜிஸ்திரேட்டுக்கு உரிய அதிகாரம் உண்டு. குழந்தையைக் குடும்பத்திடமே ஒப்படைக்கலாம், தகுதியான வேறொருவரிடமும் ஒப்படைக்கலாம். முன்னதாகக் குடும்பச் சூழலை விசாரித்து அறிக்கை தயாராகும். அதற்குச் சட்டம் தரும் காலம் 15 நாள். உறவுகள் வாயைத் திறக்க வேண்டியது இந்த 15 நாளில்தான். விசாரிக்க வருபவரிடம் சித்தி, பெரியப்பா, தாய்மாமன் பெயரும் போன் நம்பரும் கொடுங்கள். அவர்கள் வீட்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.

நியூசிலாந்தில் 1989லேயே குடும்பக் கூட்டத்தைச் சட்டத்தில் எழுதிவிட்டார்கள். அதிகாரிகள் விவரம் சொல்லிவிட்டு வெளியே போவார்கள், உறவினர்கள் தனியாக உட்கார்ந்து பேசி முடிவெடுப்பார்கள். நம் சட்டத்தில் அப்படி ஒரு கட்டாயக் கூட்டம் இல்லை, நாமே கூடிக்கொள்ள வேண்டியதுதான். மஞ்சள் நீராட்டுக்குத் தட்டு தூக்கி வருகிற தாய்மாமன் இதற்கும் ஒருநாள் வேலையை விட்டுவிட்டு வரட்டும். இரவு யார் வீட்டில் படுக்கை, பள்ளிக்கு யார் கொண்டுபோய் விடுவது, காய்ச்சல் வந்தால் யார் லீவு போடுவது, இதை ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டுக் குழுவிடம் கொடுங்கள். "நாங்க எல்லாரும் இருக்கோம்" என்று வெறும் வாயால் சொல்வதைவிட இந்தத் தாளுக்கு எடை அதிகம் என்பது என் எண்ணம். கூடவே ஆதார், ரேஷன் கார்டு, பெற்றோரின் இறப்புச் சான்று.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். குழந்தையின் விருப்பத்தையும் கேட்க வேண்டும் என்பது அதே சட்டத்தின் அடிப்படைக் கொள்கை. குறிப்பிட்ட ஒரு மாமா வீடு வேண்டாம் என்று அவள் சொன்னால், 'சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும்' என்று அடக்காதீர்கள். உறவுக்குள்ளேயே யாரோ துன்புறுத்தியதாகச் சந்தேகம் இருந்தால் குடும்பக் கூட்டமே வேண்டாம், நேராக 1098.

சரி, பணம்? ஒன்றிய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில், பெற்றோரை இழந்து உறவினர் வீட்டில் வளரும் குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. நகரத்தில் குடும்ப ஆண்டு வருமானம் 96,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்க வேண்டும், ஆட்சியர் தலைமையிலான குழு ஒப்புதல் தரும். தமிழக அரசு 2025 செப்டம்பரில் தொடங்கிய அன்புக்கரங்கள் திட்டம் தனி. அதில் மாதம் 2,000 ரூபாய், 18 வயது வரை.

குழுவின் உத்தரவு சரியில்லை என்று பட்டால் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். அப்புறம் இன்னொன்று: குழு தருவது குழந்தையைப் பராமரிக்கும் பொறுப்பு மட்டுமே. அம்மா பெயரில் வீடு இருந்து, குழந்தையின் பங்கை விற்கவோ அடமானம் வைக்கவோ வேண்டியிருந்தால் இந்த உத்தரவு போதாது. அதற்கு நீதிமன்றத்தில்தான் அனுமதி வாங்க வேண்டும்.