ஓவிய வகுப்பில் நான் தட்டிய கதவு

மலேசியாவின் பினாங்கில் தமிழ்ப்பள்ளிகளுக்குப் போய்வரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் நான்; அன்றாட வேலைகளைத் தாமே செய்யப் பிள்ளைகளைப் பழக்கும் சிகிச்சையாளர். சில ஆண்டுகளுக்கு முன், முதலாம் ஆண்டுப் பையன் ஒருவனை வாராவாரம் வகுப்பிலிருந்து அழைத்துப் போய்த் தனி அறையில் மணி கோக்க வைத்தேன். விரல்களுக்குப் பலம் வரட்டும் என்றுதான். நன்றாகவே கோத்தான். ஒருநாள் ஓய்வு நேரத்தில் அவனைச் சிற்றுண்டிச்சாலையில் பார்த்தேன். மைலோ பாக்கெட்டில் ஸ்ட்ராவைக் குத்த வராமல், அதை மடியில் வைத்துக்கொண்டு மற்றப் பிள்ளைகள் குடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தான். அத்தனை வாரம் கோத்த மணி அந்த மேசைக்கு உதவவில்லை.

அதைவிட உறுத்தியது வேறொன்று. நான் அழைத்துப் போன நேரம் ஓவிய வகுப்பு, அவனுக்கு உயிரான பாடம். என் வசதிக்கு அட்டவணை போட்டேன். அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. "அவனுக்கு என்ன நோய், டீச்சர்?" என்று பக்கத்துச் சிறுமி கேட்டாள். நான் கதவைத் தட்டும் ஒவ்வொரு முறையும் அவன் தனியாகத் தெரிந்திருக்கிறான்.

குறைபாட்டைக் காரணம் காட்டிப் பிள்ளையைப் பொதுக் கல்வியிலிருந்து ஒதுக்கக்கூடாது என்கிறது நம் நாட்டின் 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம். அப்படி உள்ளே வந்த பிள்ளையை நாமே வெளியே கூட்டிப் போகலாமா? சத்தம் தாங்காத பிள்ளைக்குத் தனி அறை தேவைதான். ஆனால் தேவை பிள்ளையுடையதா, என்னுடையதா என்று இப்போது முதலில் பார்க்கிறேன்.

அப்புறம், நடைவழிப் பேச்சு. "இவனுக்கு ஆட்டிசமா?" என்று வேறு வகுப்பு ஆசிரியர் கேட்பார், பிள்ளை பக்கத்திலேயே நிற்கும். பெற்றோர் அனுமதியில்லாமல் அதைச் சொல்ல எனக்கு உரிமையில்லை. வகுப்பாசிரியருக்குத் தேவையானது வேறு: முன்வரிசையில் உட்கார வையுங்கள், ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்லுங்கள். அதை உட்கார்ந்து பேசுவேன்.

பெற்றோருக்கு ஒன்று. "ஆறே மாதத்தில் முழுசா சரியாக்கிடலாம்" என்று யாராவது வாக்குக் கொடுத்தால் நம்பிவிடாதீர்கள். துணை மருத்துவத் தொழில்களுக்கான 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி எங்களுக்கும் பேச்சு சிகிச்சையாளர்களுக்கும் பதிவு கட்டாயம். பதிவைத் தாராளமாகக் கேளுங்கள். அதில் மரியாதைக் குறைவு எதுவுமில்லை.

அந்தப் பையனிடம் மறுவாரமே மன்னிப்புக் கேட்டேன். மணிப்பெட்டியை மூடிவிட்டு, ஓய்வு நேரத்தில் அவன் மேசையில் உட்கார்ந்தேன். "நான் பிடிச்சுக்கட்டுமா?" என்று கேட்டால் சில நாள் தலையாட்டுவான், சில நாள் கையைத் தள்ளிவிடுவான். தள்ளிய நாளெல்லாம் சும்மா இருந்தேன். அப்படி ஒருநாள்தான் ஸ்ட்ரா உள்ளே போனது. சட்டையெல்லாம் மைலோ.