17 பவுண்டுக்கு இரண்டு பேஸ்

இசைக்கலைஞர்களின் ஒப்பந்தங்களைப் படித்துப் பார்த்துச் சொல்வது என் தொழில். ரெக்கார்டிங்கில் வாசிக்கத் தொடங்கும் பிள்ளைகள் வந்தால், ஹெர்பி ஃபிளவர்ஸ் என்ற பேஸ் வாத்தியக்காரரின் கதையைத்தான் முதலில் எடுப்பேன். பேஸ் என்றால் பாட்டுக்கு அடியில் கீழ்ச்சுருதியில் ஒலிக்கும் வாத்தியம்.

1938இல் இங்கிலாந்தில் பிறந்து 2024இல் மறைந்தவர். விமானப்படை பேண்டில் டியூபா என்ற பெரிய பித்தளை வாத்தியம் ஊதி, அங்கிருந்து டபுள் பேஸ் (ஆள் உயர மர வாத்தியம்), பிறகு மின்சாரத்தில் ஒலிக்கும் பேஸ் கிட்டார் என்று வந்தவர். பிரிட்டிஷ் பாடகர் டேவிட் போவியின் 'ஸ்பேஸ் ஆடிட்டி'யில் (1969) கேட்பது இவருடைய பேஸ்தான். நிறைய வாசித்துக் காட்டும் ஆள் இல்லை. ஊதிப் பழகியவருக்கு எங்கே மூச்சு விடவேண்டும் என்று தெரியும். அந்த இடைவெளி அவர் பேஸிலும் இருக்கிறது என்பது என் அபிப்ராயம்.

1972இல் லண்டன் டிரைடென்ட் ஸ்டுடியோவில் அமெரிக்கப் பாடகர் லூ ரீடின் 'வாக் ஆன் தி வைல்ட் சைட்' பதிவானது. பாட்டின் தொடக்கத்தில் சி, எஃப் என்று இரண்டே கார்டுகள்தான் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டங்கள்) மாறி மாறி வரும். ஃபிளவர்ஸ் முதலில் டபுள் பேஸில் சி என்ற சுரத்திலிருந்து எஃப் சுரத்துக்கு வழுக்கிப் போனார். அப்புறம் அதன்மேல் மின்சார பேஸில் ஈ சுரத்திலிருந்து ஏ சுரத்துக்கு அதே வழுக்கலை வாசித்துச் சேர்த்தார். அவ்வளவு கீழான சுருதியில் ஈயைச் சியின் பக்கத்திலேயே வைத்திருந்தால் சத்தம் குழம்பியிருக்கும். ஒரு ஸ்தாயி மேலே தள்ளியதால் இரண்டும் தனித்தனியாகக் கேட்கின்றன. பாட்டு தொடங்கி இரண்டு நொடியில் இன்ன பாட்டு என்று தெரிவது அதனால்தான்.

இரண்டாவது பேஸ் எதற்கு? ஒரே பாட்டில் இரண்டு வாத்தியம் வாசித்தால் கூலி கூடும், அதற்காகத்தான் என்று அவரே சொல்லியிருக்கிறார். மொத்தம் 17 பவுண்ட். பாட்டை எழுதியவர் லூ ரீட் என்று மட்டுமே பதிவு. 1990இல் 'எ டிரைப் கால்டு குவெஸ்ட்' என்ற அமெரிக்க ஹிப்-ஹாப் குழு அதே பேஸை வெட்டி எடுத்துத் தங்கள் பாட்டில் ஓட்டியபோதும் பணம் ரீடுக்குத்தான் போனது.

ஆனால் அவரை ஏமாளி என்று நினைத்துவிடாதீர்கள். 1974இல் ஃபிலடெல்ஃபியாவில் போவியின் கச்சேரியை இசைத்தட்டுக்காகப் பதிவு செய்யப்போகிறார்கள் என்று தெரிந்ததும், தனித்தொகை பேசாமல் மேடையேற மாட்டோம் என்று வாத்தியக்காரர்கள் நின்றார்கள். முன்னால் நின்றவர் ஃபிளவர்ஸ். கச்சேரிக்கு ஒரு கூலி, பதிவுக்கு வேறு கூலி. என்னிடம் வரும் தாள்களில் பெரும்பாலும் இந்த இரண்டும் ஒரே வரியில் ஒட்டிக் கிடக்கும்.

பிரிட்டனில் 2013 முதல் ஒரு ஏற்பாடு இருக்கிறது: ஒரேதடவை கூலி வாங்கிக்கொண்டு வாசித்தவர்களுக்காக, வெளிவந்து 50 ஆண்டு கடந்த பதிவுகளின் விற்பனை வருமானத்தில் 20 சதவீதத்தை நிறுவனங்கள் ஒதுக்கவேண்டும். 50 ஆண்டு!

நம் நாட்டில் 2012 பதிப்புரிமைத் திருத்தம் வாசிப்பவருக்கும் ராயல்டி உரிமை தந்தது. சரி, ஆனால் சினிமாவுக்கு வாசிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். ஒரு படத்தில் ஒருவரின் பங்கு தற்செயலானது, துறை வழக்கப்படி அவர் பெயர் எங்கும் போடப்படாது என்றால், சட்டம் ஏறக்குறைய எல்லா விஷயத்திலும் அவரைக் கலைஞராகவே கணக்கில் எடுப்பதில்லை. ஆகவே கால்ஷீட்டுக்குப் போகும்போதே உங்கள் பெயரும் வாத்தியமும் பட்டியலில் வரும் என்று எழுத்தில் வாங்குங்கள். வாட்ஸ்அப் செய்தியாக இருந்தாலும் பரவாயில்லை, அழிக்காமல் வைத்திருங்கள்.