ஈயமா, கந்தகமா? பூச்சுத் துணுக்கொன்றின் அறிக்கை

வெள்ளவத்தையிலுள்ள முன்பள்ளியொன்றின் சுவரிலிருந்து உரிந்த பூச்சுத் துணுக்கை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பரிசோதித்த அறிக்கையுடன் ஒரு தாய் என்னிடம் வந்தார். அதில் ஈயம் 3 சதவீதம் என்றிருந்தது. பிள்ளையை இனி அங்கே அனுப்பலாமா என்று கேட்டார்.

அறிக்கையுடன் நிறமாலையும் (எந்தச் சக்தியில் எவ்வளவு எக்ஸ் கதிர் வந்தது என்று காட்டும் வரைபு) இணைக்கப்பட்டிருந்தது நல்லதாயிற்று. இலத்திரன் கற்றை மோதும்போது ஒவ்வொரு மூலகமும் தனக்கேயுரிய சக்தியுடைய எக்ஸ் கதிர்களை வெளிவிடுகிறது. அச்சக்தியை அளந்தே அது எந்த மூலகம் என்று அறிகிறோம். இச்சக்திகளைக் கோடுகள் என்போம்; ஒரு மூலகத்துக்கு எல், எம் என்று பெயரிட்ட பல கோடுகள் இருக்கலாம். ஆனால் கந்தகத்தின் முதன்மைக் கோடு 2.31 கிலோ இலத்திரன் வோல்ற்றிலும், ஈயத்தின் எம் கோடு 2.34 இலும் விழுகின்றன. வழமையான உணரி ஏறத்தாழ 130 இலத்திரன் வோல்ற்று இடைவெளியையே தெளிவாகப் பிரித்துக் காட்டும் என்பதால், இரண்டும் ஒரே உச்சியாகத் தெரியும். பூச்சுகளில் நிரப்பியாகச் சேர்க்கப்படும் பேரியம் சல்பேற்றில் கந்தகம் உண்டு. அந்தப் பேரியமோ, வெள்ளை நிறத்துக்காகச் சேர்க்கும் தைத்தேனியத்தோடு 4.5 இற்கு அருகே ஒன்றிவிடுகிறது. மென்பொருள் தைத்தேனியம், ஈயம் என எழுதியிருந்தது. பேரியத்தின் பெயரே அறிக்கையில் இல்லாததால், கந்தகம் இருக்கலாம் என்ற ஐயம் அதைப் பார்த்தவருக்கு எழவில்லை.

இதைத் தீர்க்க வழி உண்டு. ஈயம் இருந்தால் 10.55 இல் எல் கோடும் தோன்ற வேண்டும்; அதைத் தூண்ட 13 இற்கு மேற்பட்ட சக்தி தேவை. அந்த அறிக்கையோ 10 கிலோவோல்ற்றில், அதாவது 10 கிலோ இலத்திரன் வோல்ற்று சக்தியுள்ள கற்றையால் எடுக்கப்பட்டது; அதில் எல் கோடு தோன்றவே முடியாது. நாங்கள் துணுக்குக்குப் பொன்முலாம் இடாமல் (பொன்னின் கோடும் 2.12 இல் விழுந்து குழப்பும்) காபன் பூசி, 25 கிலோவோல்ற்றில் மீண்டும் பார்த்தோம். 10.55 இல் உச்சி எதுவும் இல்லை. தைத்தேனியத்துக்குக் கோடுகளே இல்லாத 5.16 இலும் 5.53 இலும் பேரியம் தெளிவாகத் தெரிந்தது. ஆகவே ஈயம் என்று எழுதப்பட்ட உச்சி, பேரியம் சல்பேற்றிலுள்ள கந்தகத்தினுடையதாகவே இருக்க வேண்டும்.

அப்படியிருந்தும் "ஈயம் இல்லை" என்று நான் எழுதிக் கொடுக்கவில்லை. இம்முறையால் பொதுவாக 0.1 சதவீதத்துக்குக் குறைந்த அளவைக் காண இயலாது. அது பத்து இலட்சத்தில் 1000 பங்கு. பூச்சுகளுக்கு உலக சுகாதார அமைப்பு பரிந்துரைக்கும் உச்ச அளவு 90 பங்கு மட்டுமே. எனவே மீதித் துணுக்குகளை அமிலத்தில் கரைத்து, இன்னும் சிறிய அளவுகளையும் காணக்கூடிய அணு உறிஞ்சல் முறையில் அளக்க அனுப்பினோம். அம்முடிவு 90 இற்குக் கீழே வந்த பின்னரே அந்தத் தாய்க்குத் தொலைபேசியில் பதில் சொன்னேன்.