உணர்வுக்கு ஏது ஆண்பால், பெண்பால்?

மட்டக்களப்பில் ஒரு சிறிய அச்சகத்துக்குப் பிழை பார்த்துக் கொடுக்கிறேன். கலியாணக் கார்ட், திருவிழா நோட்டீஸ், முப்பத்தோராம் நாள் கல்வெட்டு, இவைதான் பெரும்பாலும் வரும். போன மாதம் ஒரு தியான வகுப்புக்கான கையேடு வந்தது. ஆங்கிலத்திலிருந்து பெயர்த்தது. முதல் பக்கத்திலேயே இப்படி ஒரு வரி: 'தத்துவ ஞானத்தைத் தேடுபவர் தமக்குள் உள்ள ஆண்மை விழிப்புணர்வையும் பெண்மை விழிப்புணர்வையும் சமநிலைப்படுத்த வேண்டும்.' ஆங்கிலத்தில் consciousness என்று இருந்ததுதான் 'விழிப்புணர்வு' ஆகியிருந்தது. அந்தச் சொல்லுக்கு வட்டம் போட்டு, பக்கத்தில் 'உணர்வு?' என்று எழுதி அனுப்பினேன். 'எல்லாரும் இப்படித்தான் எழுதுகிறார்கள், மாற்ற வேண்டாம்' என்று திரும்பி வந்தது. அச்சாகிவிட்டது. அதே சொற்களோடு சுவரொட்டியும் ஒட்டிவிட்டார்கள்.

வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலிருந்து கிளினிக்குக்கு வந்த என் சின்னம்மா பஸ் நிலையத்துக்குப் பக்கத்துச் சுவரில் அதை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டுக் கேட்டார்: "ஆண்மையெண்டும் கிடக்கு, விழிப்புணர்வெண்டும் கிடக்கு. ஆசுபத்திரிக் கூட்டமா மனே?"

அவர் பிழையாக வாசிக்கவில்லை. இன்றைய தமிழில் அந்தச் சொற்களுக்கு என்ன பொருளோ அதைத்தான் வாசித்தார். மதிலுக்கு மதில் 'ஆண்மைக் குறைவா?' என்ற விளம்பரம் இருக்கிறது. மாரி தொடங்கினால் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ டெங்கு விழிப்புணர்வு சொல்லிக்கொண்டு தெருத்தெருவாகப் போகிறது. போதைப்பொருள் விழிப்புணர்வு, வீதி விபத்து விழிப்புணர்வு, மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு. ஒரு தீங்கைப் பற்றித் தெரியாதவருக்குத் தெரியப்படுத்தி அவரைக் கவனமாக இருக்கச் செய்வதுதான் விழிப்புணர்வு. நல்ல சொல், அதன் வேலையைச் சரியாகச் செய்கிறது. அதைக் கொண்டுபோய் மெய்யியலின் மிகக் கடினமான கேள்விக்குப் பெயராக வைத்ததுதான் கோளாறு.

அந்தக் கேள்வி எது? நான் இருக்கிறேன் என்பது எனக்குத் தெரிகிறது. சூட்டையும் குளிரையும், வலியையும் பாட்டையும் நான் அறிகிறேன். இந்த அறிதல் எங்கிருந்து வருகிறது, உடம்பின் வேலையா, உடம்புக்கு வேறானதா என்பது. மேல்நாட்டார் இதற்கு வைத்த consciousness என்ற பெயர் 'சேர்ந்து அறிதல்' என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. வடமொழியில் சித், சைதன்யம், பிரக்ஞை என்று பல உண்டு. தமிழில் உணர்வு. அறிவு என்றும் சொல்வார்கள். சைவ நூல்களில் இரண்டும் மாறி மாறி வரும். வேர்க்கதை இவ்வளவு போதும். எனக்கு விழிப்புணர்வோடுதான் வழக்கு.

விழிப்பு என்றால் தூங்காத நிலை. சைவ சித்தாந்தம் உயிருக்கு ஐந்து நிலைகளை எண்ணுகிறது: நனவு, கனவு, உறக்கம், அதற்கு மேல் துரியம், துரியாதீதம். விழிப்பு இவற்றில் முதலாவது மட்டும். தூக்கத்தில் உயிர் எங்கே போகிறது என்பதே 'சிவஞானபோதம்' எழுதிய மெய்கண்டார் எடுத்துக்கொண்ட வழக்குகளில் ஒன்று. உடம்பு கிடக்கிறது, மூச்சு ஓடுகிறது, ஆனால் உண்பதும் இல்லை, செய்வதும் இல்லை. ஆகவே உடம்பு வேறு, உயிர் வேறு என்று 'கண்படில் உண்டிவினை இன்மையின்' என்பதால் காட்டுகிறார். அதற்கு அடுத்த தொடரே 'உணர்த்த உணர்தலின்'. 13ஆம் நூற்றாண்டிலேயே இந்த இடத்தில் உணர் என்ற வினை வந்து உட்கார்ந்துவிட்டது. இதன் பெயரை விழிப்புணர்வு என்று மாற்றினால் வழக்கே விழுந்துபோகும். தூங்குகிறவனுக்கு விழிப்பு இல்லை, அப்படியானால் அவனுக்கு உயிருணர்வும் இல்லை என்று சொல் தானாகவே தீர்ப்புச் சொல்லிவிடும். வாதத்துக்கு முன்பே முடிவைச் சொல்லிவிடுகிற கலைச்சொல் எதற்கு?

ஆண்டாள் இதை எவ்வளவு நுட்பமாகப் பிரித்திருக்கிறாள் பாருங்கள். மழைக்காலத்துக் குகையில் உறங்குகிற சிங்கம் 'அறிவுற்றுத் தீ விழித்து' எழுகிறது. முதலில் அறிவு வருகிறது, பிறகுதான் கண் திறக்கிறது. அறிவுறுதல் ஒன்று, விழித்தல் இன்னொன்று. மார்கழியில் விடியப்புறம் பாடுகிற பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்த வேறுபாடு கையேடு எழுதுகிறவர்களிடம் தொலைந்துவிட்டது.

இன்னொன்று. உணர் என்ற வினைக்கே பழந்தமிழில் விழித்தல் என்ற பொருளும் உண்டு, துயிலுணர்தல் என்பார்கள். அப்படிப் பார்த்தால் விழிப்புணர்வு என்பது ஒரே பொருளை இரண்டு தரம் சொல்கிறது.

உணர்வு என்றால் இன்று மனவெழுச்சி என்றுதானே ஆட்கள் விளங்கிக்கொள்கிறார்கள், அதனால்தான் விழிப்பைச் சேர்த்தோம் என்பது மறுதரப்பின் வாதம். இதை நான் தட்டிக்கழிக்கவில்லை, இதில் நியாயம் இருக்கிறது. 'என் உணர்வைப் புண்படுத்திவிட்டார்' என்று நாமே சொல்கிறோம். ஆனால் அதற்கு உணர்ச்சி என்ற சொல் தனியாக இருக்கிறது. கோபம், பயம், அழுகை எல்லாம் உணர்ச்சி. மற்றப் பக்கத்தையும் பார்க்க வேண்டும். இடதுசாரிகள் எத்தனையோ வருடங்களாக வர்க்க உணர்வு என்று எழுதி வருகிறார்கள். வர்க்க விழிப்புணர்வு என்று எழுதினால் அவர்களே சிரிப்பார்கள். தேசிய உணர்வு, தன்னுணர்வு, குற்றவுணர்வு எல்லாம் தடையில்லாமல் ஓடுகின்றன.

ஆசுபத்திரியில் நான் கண்டது ஒன்று. அம்மாவுக்குச் சத்திரசிகிச்சை முடிந்து வார்டுக்குக் கொண்டுவந்த இரவு, தாதி கால் பெருவிரலை நுள்ளிப் பார்த்துவிட்டு, "உணர்வு வந்திட்டு, பயப்படாதீங்க" என்றார். அம்மா கண் திறக்கவில்லை. முகம் மட்டும் சுருங்கியது. விழிப்பு இல்லாமல் உணர்வு மட்டும் இருந்த அந்த நேரத்தை நான் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். இதைவிட எனக்கு வேறு அகராதி தேவையில்லை.

நனவு என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். உளவியல் பாடத்தில் நனவு, நனவிலி என்று படித்தோம். அங்கே அது பொருந்தும். விழித்திருக்கும் மனம் அறிவது, அறியாதது என்ற பிரிவுதான் அங்கே பேச்சு. மெய்யியலுக்குப் போதாது, காரணம் மேலே சொன்னதுதான். ஐந்தில் ஒரு நிலையின் பெயர் அது. பிரக்ஞை நம் இலக்கிய விமர்சகர்கள் விரும்பிய சொல். பொருள் சரி. வடசொல் என்பதற்காக நான் ஒதுக்கவில்லை. ஆனால் சின்னம்மாவிடம் பிரக்ஞை என்று சொல்ல முடியாது. உணர்வு என்றால் அவர் உடனே சிவபுராணத்துக்குப் போய்விடுவார். 'நோக்கரிய நோக்கே நுணுக்கரிய நுண்ணுணர்வே' என்று தினமும் விளக்கு வைத்துவிட்டுச் சொல்கிறவர் அவர். சொல் ஏற்கெனவே அவர் வாயில் இருக்கிறது.

காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகள் அறிவியல் படித்தவர், துறவி, இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர், கலைச்சொல் ஆக்கும் பணியில் முன்நின்றவர். அவருடைய சமாதி கல்லடி உப்போடையில் இருக்கிறது. இருக்கிற சொல்லைத் தேடிப் பார்க்காமல் புதிதாக ஒட்டுப்போடுகிற வேலை, அந்தச் சமாதியிலிருந்து கூப்பிடு தூரத்தில் நடக்கிறது என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சரி, ஆண்மை, பெண்மைக்கு வருவோம்.

ஆண்மை என்ற வடிவத்துக்குள் இரண்டு சொற்கள் இருக்கின்றன. ஆண் + மை ஒன்று. ஆள் + மை இன்னொன்று. கேள் + மை கேண்மை ஆவது போல ஆள் + மையும் ஆண்மை ஆகும். ஆளுதல், கைக்கொண்டு நடத்துதல் என்று பொருள். தாளாண்மை முயற்சியை ஆளுதல். வேளாண்மையில் இருப்பதும் இதே ஆண்மைதான். எங்கள் பக்கத்தில் வேளாண்மை என்றால் நெற்செய்கை, வயலில் நிற்கிற பயிரும் அதுதான். 'வேளாண்மை வெட்டு' என்றால் அறுவடை. சின்னம்மா இளமையில் வேளாண்மை வெட்டுக்குப் போனவர், தாக்கத்தி பட்ட தழும்பு இடது சுட்டுவிரலில் இன்னும் இருக்கிறது. அந்த ஆண்மைக்கு ஆண் வேண்டியதில்லை. 'பிறன்மனை நோக்காத பேராண்மை' என்று வள்ளுவர் சொல்லும்போது கேட்பவன் ஆண்தான், ஆனால் அங்கே புகழப்படுவது தன்னைத் தான் ஆளுதல். ஞானத்தைத் தேடுகிறவருக்கு வேண்டிய ஆண்மை அதுவே, அது யாருக்கும் உரியது. கையேடு சொல்கிற ஆண்மை இது அல்ல. 'தர்க்கம், உறுதி, இலக்கு' என்று பட்டியல் போட்டிருக்கிறது. அதற்கு ஆண்தன்மை என்று எழுதினால் போதும், குழப்பம் வராது, மருந்து விளம்பரமும் நினைவுக்கு வராது.

பெண்மைக்கும் ஒரு பட்டியல்: மென்மை, ஏற்றுக்கொள்ளுதல், குளிர்ச்சி. வைகாசியில் கண்ணகி அம்மனுக்குக் குளிர்த்தி செய்கிற ஊரில் இருந்துகொண்டு இதை எப்படிப் பிழை பார்ப்பது? மதுரையை எரித்து வந்தவளின் சினம் ஆறட்டும் என்றுதானே குளிர்த்தி பாடுகிறோம். குளிர்ச்சி அவளுக்கு நாம் கொடுப்பது. தமிழிலும் இப்படிப் பட்டியல் இருந்தது, மறைக்கவில்லை. 'பெருமையும் உரனும் ஆடூஉ மேன' (பெருமையும் வலிமையும் ஆணுக்கு) என்றும், அச்சமும் நாணும் மடனும் பெண்ணுக்கு என்றும் தொல்காப்பியம் சொல்கிறது. ஆனால் அது களவியலில், காதலர் நடக்கும் முறை பற்றிச் சொன்னது. அறிவை அது அப்படிப் பிரிக்கவில்லை. மரபியலில் ஓரறிவு முதல் ஆறறிவு வரை எண்ணும்போது ஆணுக்கு இத்தனை, பெண்ணுக்கு இத்தனை என்று இல்லை. கிளவியாக்கம் இன்னும் தெளிவு: காலம், உலகம், உயிர், உடம்பு என்று தொடங்கிப் பத்துச் சொற்களைச் சொல்லி, இவை 'பால்பிரிந் திசையா', அதாவது ஆண்பால், பெண்பால் என்று பிரிந்து வரமாட்டா என்கிறது. அதனால்தான் ஆண் செத்தாலும் பெண் செத்தாலும் 'உயிர் போயிற்று' என்கிறோம்.

பிறகு எங்கிருந்து வந்தது இந்த ஆண் உணர்வும் பெண் உணர்வும்? ஒரு பகுதி, பிறமொழிகளின் இலக்கணம். கிரேக்கத்தில் ஞானத்தைக் குறிக்கும் சோபியா பெண்பால் சொல். வடமொழியில் சித் பெண்பால், பிரக்ஞை பெண்பால், புருடன் ஆண்பால், பிரகிருதி பெண்பால். அந்த மொழிகளில் கல்லுக்கும் மரத்துக்கும்கூடப் பால் உண்டு. தமிழில் பால் பொருளைப் பார்த்து வருவது. அவர்கள் இலக்கணத்தால் பெற்ற பெண்ணை நாம் ஞானத்தின் பெண்மை என்று பெயர்த்துக்கொள்கிறோம். இன்னொரு பகுதி சாங்கியம் என்ற பழைய மெய்யியல். அறிவுள்ள புருடன், அறிவில்லாத பிரகிருதி என்ற பிரிவு அதனுடையது. அதைச் சிவம், சத்தி மேல் ஏற்றி, சிவம் உணர்வு, சத்தி வெறும் ஆற்றல் என்று கையேடு எழுதியிருக்கிறது. எந்தச் சைவப் பிள்ளையும் சொல்லும், சத்தி சிற்சத்தி என்று. சித்தேதான் அவள். சிவத்தை விட்டுத் தனியே நிற்கிற உணர்வில்லாத மின்சாரம் அல்ல.

மெய்கண்டார் 'அவன் அவள் அது' என்றுதான் நூலையே தொடங்குகிறார். ஆனால் எதை அப்படிச் சொல்கிறார்? தோன்றி, நின்று, ஒடுங்குகிற உலகை. அவன், அவள் என்ற பிரிவு காணப்படும் பொருளின் பக்கம். திருவாசகம் 'பெண் ஆண் அலி எனும் பெற்றியன்' என்று மூன்றையும் சிவனுக்கே கொடுக்கிறது (மூன்றாவது சொல்லை இன்று நாம் ஆட்களுக்குச் சொல்லக் கூடாது, அது வசையாகிவிட்டது). நம்மாழ்வார் 'ஆணல்லன் பெண்ணல்லன்' என்று மூன்றையும் எடுத்துவிடுகிறார். கொடுத்தாலும் எடுத்தாலும் யாரும் உணர்வை இரண்டாகப் பிளந்து பங்கு வைக்கவில்லை.

மணிமேகலை வஞ்சி நகரில் சமயவாதிகளிடம் அவரவர் மெய்யியலைக் கேட்கப் போகும்போது மாதவன் வடிவம், அதாவது ஆண் துறவி வடிவம் எடுத்துக்கொண்டு போகிறாள். ஏன்? இளம்பெண் என்றால் பேசமாட்டார்கள். தடை கேட்கிறவளின் உணர்வில் இல்லை, சொல்கிறவர்களின் கண்ணில் இருந்தது. அவர்கள் எல்லாரும் சொன்னதை அவள் கேட்டாள், ஒன்றும் அவளுக்குத் திருப்தி தரவில்லை, பிறகு காஞ்சியில் பௌத்தத் துறவி அறவண அடிகளிடம் அளவையை, அதாவது தர்க்க முறையைக் கேட்டாள். ஆண் வேடத்தில் ஓர் உணர்வும் பெண்ணாக இருக்கும்போது இன்னோர் உணர்வும் அவளுக்கு இருந்ததாகச் சாத்தனார் எழுதவில்லை.

நான் பரிந்துரைப்பது இது. consciousness என்ற அந்த ஆங்கிலச் சொல்லுக்கு உணர்வு. உயிரின் பண்பு என்று அழுத்த வேண்டிய இடத்தில் உயிருணர்வு. தன்னைத் தான் அறிவதற்குத் தன்னுணர்வு. ஆண், பெண் இயல்புகளைச் சொல்ல ஆண்தன்மை, பெண்தன்மை. தத்துவ ஞானத்துக்கு மெய்யுணர்வு. தத்துவம் என்றால் சைவருக்கு முப்பத்தாறு தத்துவங்கள் நினைவுக்கு வரும், அது வேறு கணக்கு. மெய்யுணர்வு நான் கட்டியதும் அல்ல. 'ஐயுணர்வு எய்தியக் கண்ணும் பயமின்றே மெய்யுணர்வு இல்லா தவர்க்கு' என்று குறளில் கிடக்கிறது. கண், காது வழியாக வருவதும் உணர்வு, கடைசியில் தெளிவதும் உணர்வு. தேடலின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிற மொழி இது.

கையேடு இரண்டாம் பதிப்புக்கு வந்தால் என்று அந்த வரியைத் திருத்தி அச்சகத்து மேசையில் வைத்திருக்கிறேன்: 'மெய்யுணர்வைத் தேடுகிறவர் தம்மிடம் உள்ள ஆண்தன்மை, பெண்தன்மை இரண்டையும் அறிந்துகொள்ள வேண்டும். அவற்றை அறிகிற உணர்வு இரண்டும் அல்ல.' சின்னம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டாவது வசனத்தைத் திரும்பவும் வாசிக்கச் சொன்னார்.