‘டிரேடு யூனியன்’ வர்த்தகச் சங்கம் அன்று

தொழிலாளர் இயக்க வரலாறு பற்றிய மொழிபெயர்ப்புக் கட்டுரை ஒன்றைச் சென்ற வாரம் மெய்ப்புப் பார்க்கத் தந்தார்கள். ‘1824ஆம் ஆண்டில் பிரிட்டனில் வர்த்தகச் சங்கங்கள் மீதிருந்த தடை நீங்கியது’ என்று அதன் முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தது. ‘டிரேடு யூனியன்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஈடாக வைக்கப்படும் இந்த ‘வர்த்தகச் சங்கம்’ சில ஆண்டுகளாகவே மொழிபெயர்ப்புகளில் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. தமிழில் வர்த்தகச் சங்கம் என்றால் வணிகர்கள் தம் நலனுக்காக அமைத்துக்கொண்ட சங்கம். அந்தத் தடையை விதித்த 1799, 1800 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் முடக்கியதோ கூலி உயர்வு கேட்டு ஒன்றுகூடிய தொழிலாளர்களை. கூலி கேட்டவர்களின் அமைப்பை வியாபாரிகளின் அமைப்பாக மாற்றிவிடும் இச்சொல்லைச் சிறு பிழையென்று விட்டுவிட முடியாது.

‘டிரேடு’ என்பது இடைக்காலக் கீழ் ஜெர்மானிய மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல். முதற்பொருள் தடம், வழி. ஒருவர் வழக்கமாகச் செல்லும் தடம் அவர் வழக்கமாகச் செய்யும் தொழிலைக் குறித்தது. வாங்கல் விற்றல் என்ற பொருள் பின்னர் வந்து ஒட்டியது. ‘யூனியன்’ லத்தீனின் ‘ஒன்று’ என்ற சொல்வழி வந்தது.

இங்கே பொருந்துவது தொழில் என்ற பொருள்தான் என்பதற்கு, அகராதியைவிட, அந்தச் சங்கங்களில் யார் உறுப்பினராக இருந்தார்கள் என்பதே உறுதியான சான்று. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் 1794இல் சங்கம் அமைத்தவர்கள் செருப்புத் தொழிலாளர்கள். கூலியை உயர்த்தக் கூட்டுச் சேர்ந்தது சதி என்று 1806இல் அவர்களைத் தண்டித்து, ஆளுக்கு 8 டாலர் அபராதம் விதித்தார்கள். பிரிட்டனில் 1851இல் உருவான பொறியியல் தொழிலாளர்களின் ஒருங்கிணைந்த சங்கம், அத்தொழிலை முறையாகக் கற்றுத் தேர்ந்து, வாரம் ஒரு ஷில்லிங் சந்தா செலுத்தக்கூடியவரையே சேர்த்துக்கொண்டது. அதே பட்டறையில் அவருக்குப் பக்கத்தில் நின்று சுமை தூக்கியவருக்கு அதில் இடமில்லை. அதன் வழிவந்த சங்கம் பெண்களைச் சேர்த்துக்கொண்டது 1943இல்தான். ஒரு தொழிலைக் கற்றவர் என்பதே உறுப்புரிமையின் அடிப்படையாக இருந்ததால்தான் இத்தகைய அமைப்புக்கு ‘டிரேடு யூனியன்’ என்று பெயர். ஆகவே ‘தொழிற்சங்கம்’ என்பது எவ்வளவு நுட்பமாக அமைந்த தமிழாக்கம் என்பதை எண்ணி நான் வியக்காத நாளில்லை. கையில் இப்படியொரு சொல் இருக்க, ‘டிரேடு’ என்று கண்டவுடன் அகராதியில் முதலில் கண்ணில் படும் ‘வர்த்தகம்’ என்ற பொருளை எடுத்து வைப்பவர், தாம் மொழிபெயர்க்கும் பத்தியைப் படிக்கவேயில்லை என்றுதான் சொல்வேன்.

‘தொழிலாளர் சங்கம்’ என்பதை மட்டுமே ஆள வேண்டும் என்போரும் உண்டு. தொழிலதிபர் என்பதிலும் தொழில் இருப்பதால் குழப்பம் வரும் என்பது அவர்கள் வாதம். அந்தச் சொல்லும் நல்ல சொல்லே. 1869இல் தோன்றிய அமெரிக்காவின் ‘நைட்ஸ் ஆஃப் லேபர்’ என்ற தொழிலாளர் அமைப்பு, தொழில் கற்றவர் கல்லாதவர், ஆண் பெண் என்று பாராமல் சேர்த்துக்கொண்டு, வங்கியாளரையும் வழக்கறிஞரையும் மது விற்பவரையும் வெளியே நிறுத்தியதால், அதற்குத் ‘தொழிலாளர்’ என்பதே பொருத்தம். ஆனால் தொழிற்சங்கம் என்று கேட்டு முதலாளிகளின் மன்றத்தை நினைக்கும் தமிழரை நான் கண்டதில்லை. ‘சங்கம்’ வடசொல் என்று ‘ஒன்றியம்’ கேட்கும் தனித்தமிழ் அன்பர்களின் நோக்கத்தை மதிக்கிறேன். ஆயினும் ஒன்றியம் என்றால் ஊராட்சி ஒன்றியமே முதலில் நினைவுக்கு வரும் இன்றைய நிலையில், அது தெளிவைக் குறைக்கும்.

நான் மெய்ப்புப் பார்த்த அதே கட்டுரையில், அந்தப் பிலடெல்பியா சங்க உறுப்பினர்களைக் குறிக்கும் ‘ஜர்னிமேன்’ என்ற சொல் ‘பயணத் தொழிலாளர்’ ஆகியிருந்தது. அது பிரெஞ்சு மொழியில் ஒரு நாளையும் ஒரு நாள் வேலையையும் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. பயிற்சிக் காலத்தை முடித்து, சொந்தப் பட்டறை இல்லாமல், பிறரிடம் கூலிக்கு வேலை செய்யும் தேர்ந்த தொழிலாளி என்பது பொருள். அவர் எங்கும் பயணம் போகவில்லை.