காந்த சாம்பிளுக்கு டெம் பாக்கணுமா? ஐ-ஸ்டெம்ல ஸ்லாட் கேக்குறதுக்கு முன்னாடி இத படிங்க

சின்ன காலேஜ்ல பிஎச்டி பண்ற பசங்க அடிக்கடி கேக்குற கேள்வி இது. ஃபெரைட் (இரும்பு ஆக்சைடு கலந்த காந்தப் பொருள்) பவுடர் பண்ணிட்டேன், எங்க காலேஜ்ல டெம், அதாவது எலக்ட்ரான சாம்பிளுக்குள்ள ஊடுருவ விட்டு பாக்குற எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் இல்ல, தெரிஞ்சவங்களும் யாரும் இல்ல, எங்க போறதுன்னு. தெரிஞ்சவங்க யாரும் வேண்டாம். அதுக்குத்தான் ஐ-ஸ்டெம்னு ஒரு போர்ட்டல் இருக்கு, அரசு பணத்துல வாங்குன ஆராய்ச்சி மிஷின் எந்த ஊர்ல எந்த இன்ஸ்டிட்யூட்ல இருக்குன்னு ஒரே இடத்துல போட்டு, வெளியில இருக்கறவங்களும் ஸ்லாட் கேக்கறதுக்கு வழி பண்ணிருக்காங்க. மத்திய அரசோட முதன்மை அறிவியல் ஆலோசகர் ஆபீஸ் திட்டம் இது, 2020 ஜனவரி 3 அன்னிக்கு பெங்களூர்ல நடந்த அறிவியல் மாநாட்டுல பிரதமர் தொடங்கி வச்சார்.

ரெஜிஸ்டர் பண்ண காசு கிடையாது. மிஷின் பேர போட்டு தேடுனா எங்கெங்க இருக்கு, என்ன மாடல், சார்ஜ் எவ்வளவுன்னு வரும். ஆனா ஒண்ணு, மிஷின்ல வேலை பண்ணி வாங்குறது ஃப்ரீ இல்ல, மாணவருக்கு ஒரு ரேட், கம்பெனிக்கு அதவிட அதிகமா ஒரு ரேட். உங்க சாம்பிள எடுத்துக்கறதா வேண்டாமான்னு முடிவு பண்றதும் அந்த லேப்தான். காந்த சாம்பிள்னா இங்கதான் பெரும்பாலும் மாட்டுது.

ஏன்னு சொல்றேன். சாதாரண டெம்ல சாம்பிள் உக்கார்ற இடத்துலயே ஆப்ஜெக்டிவ் லென்ஸோட (எலக்ட்ரான குவிக்கற மின்காந்தம்) காந்தப்புலம் கிட்டத்தட்ட 2 டெஸ்லா இருக்கும். கிரிட்ல (சாம்பிள வைக்கிற சின்ன வலைத்தகடு) சரியா ஒட்டாத காந்தப் பவுடர் அப்படியே பறந்து போய் லென்ஸோட போல் பீஸ்ல (அதோட காந்த முனைல) ஒட்டிக்கும், அத கிளீன் பண்றது பெரிய செலவு, அதனால பல லேப்ல காந்தப் பவுடரே வேண்டாம்னுடுவாங்க. தயவுசெஞ்சு ஃபார்ம்ல காந்தம்ங்கறத மறைக்காதீங்க. உங்களுக்கு அப்புறம் ஸ்லாட் வாங்கிட்டு காத்திருக்கற இன்னொரு பிள்ளையோட வேலையும் சேந்து நின்னுபோகும்.

அடுத்தது, பவுடரோட சைஸும் வடிவமும் மட்டும் போதுமா, இல்ல உள்ள இருக்கற காந்தத்தையே பாக்கணுமா? காந்தத்தையே பாக்கணும்னா அந்த 2 டெஸ்லா உங்க டொமைன் (காந்தம் ஒரே திசைல இருக்கற குட்டி பகுதி) எல்லாத்தையும் ஒரே பக்கமா திருப்பிடும், பாக்க ஒண்ணும் மிச்சம் இருக்காது. அதனால லென்ஸ அணைச்சுட்டு பாக்குற லாரன்ஸ் மோட் இருக்கான்னு கேக்கணும். எலக்ட்ரான் காந்தத்துக்குள்ள போறப்ப லேசா விலகும், பக்கத்து பக்கத்து டொமைன்ல எதிர் எதிரா விலகறதால கொஞ்சம் ஃபோக்கஸ் தள்ளி எடுத்தா டொமைன் சுவர் வெள்ளைக்கோடு கருப்புக்கோடா தெரியும். ஸ்கிர்மியான்ங்கற காந்தச் சுழல்கள 2010ல ஜப்பான்ல இப்படித்தான் நேர்ல படமா எடுத்தாங்க. புலத்தோட அளவே நம்பரா வேணும்னா எலக்ட்ரான் ஹோலோகிராஃபி (எலக்ட்ரான் அலைகள ஒண்ணு மேல ஒண்ணு விழ வச்சு அளக்கற முறை) வேணும், அதுக்கு பைப்ரிசம்னு ஒரு பாகம் தனியா வேணும், எல்லா மிஷின்லயும் இருக்காது. போர்ட்டல்ல வெறும் '200 கேவி டெம்'னு மட்டும் போட்டிருந்தா ஸ்லாட் போடாம முதல்ல மெயில் போட்டு கேளுங்க.

மெயில்ல சாம்பிள் என்ன, பவுடரா தின் ஃபிலிமா, கிரிட்ல எப்படி ஒட்டிருக்கீங்க, தடிமன் எவ்வளவு எல்லாம் எழுதுங்க. எலக்ட்ரான் ஊடுருவி போகணும்னா சுமார் 100 நானோமீட்டருக்குள்ள இருக்கணும், கட்டியான சாம்பிள்னா அயான் பீம்ல சீவி எடுக்கணும், அதுக்கு தனி புக்கிங், தனி சார்ஜ்.

மொத்த சாம்பிளோட காந்தமாக்கம், கோயர்சிவிட்டி (காந்தமாக்கத்த பூஜ்யமாக்க தேவைப்படற எதிர்ப்புலம்) மட்டும்தான் வேணும்னா டெம் பக்கமே போக வேண்டாம், விஎஸ்எம் (சாம்பிள அதிர வச்சு காந்தத்த அளக்கற மிஷின்) போதும். சென்னை பக்கம் இருக்கறவங்களுக்கு ஐஐடி மெட்ராஸ்ல சைஃப்னு மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையோட (டிஎஸ்டி) சென்டர் இருக்கு, வெளி மாணவர் சாம்பிளும் அங்க எடுத்துக்கறாங்க. விஎஸ்எம் கிராஃப கைல வச்சுக்கிட்டு டெம்முக்கு கேட்டா லேப்ல இருக்கறவங்களுக்கும் உங்க சாம்பிள் எவ்வளவு வலுவான காந்தம்னு தெரியும், எடுக்கலாமா வேண்டாமான்னு சட்டுனு சொல்லிடுவாங்க.